சாட்சித் தகடு

லாஸ் குரூஸஸிலிருந்து எல் பாஸோவுக்குப்
பத்தே நொடி.
அந்த வேகத்தில் வரும் ஒரு குண்டுக்காகத்தான்
காலை ஆறு மணியிலிருந்து துணி வெட்டுகிறேன்.

உடுத்துகிற துணியல்ல.
பீங்கானை நூலாக இழுத்து நெய்தது.
கையுறையையும் மீறி மணிக்கட்டில் ஏறி
இரவெல்லாம் அரிக்கும்.
கள்ளிச்செடியோடு படுத்த மாதிரி இருக்கிறது என்று
எலாய் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுப்பான்.

முதலில் ஓர் அலுமினியத் தகடு,
நகத்தைவிடக் கொஞ்சம் தடிமன்.
பிறகு ஒன்றுமில்லை, நான்கு விரற்கடை.
பிறகு என் துணி.
பிறகு மறுபடி ஒன்றுமில்லை.
பிறகு சுவர்.
சுவருக்கு அப்பால்
யாரோ ஒருவரின் தலைமாடு.

வந்த புதிதில் கேட்டேன்,
இத்தனை மெல்லிய தகடு எதைத் தடுக்கும் என்று.
வெண்டல் சோசி துப்பாக்கிக் குழலில்
தலையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான்.
தடுக்காது, என்றான், உடைக்கும்.
உடைந்தது பரவ இடம் வேண்டாமா?
அதற்குத்தான் அந்த ஒன்றுமில்லை.

இங்கே நாங்கள் அதிகம் அளப்பது அதைத்தான்.
மேலே சுற்றும் பெயிண்டுச் செதில், திருகாணித் துணுக்கு,
எந்த நாட்டு ராக்கெட் உதிர்த்ததென்று
யாரும் உரிமை கோராத கடுகு, மிளகு எல்லாம்
வந்து செலவழிந்து போக
ஒரு காலி இடம்.

பதினான்கு முறை சுட்டோம்.
பதினான்கு முறையும்
மிளகளவு குண்டு தகட்டில் பட்ட மாத்திரத்தில்
தன் வேகத்தாலேயே தவிடுபொடி.
துணியில் கரி தேய்த்தது போல ஒரு வட்டம்.
சுவரின் பின்புறம் தடவினால்
விரலுக்கு மட்டும் தெரியும் சிறு மேடுகள்.
அதற்கும் பின்னே நிற்கிற தகட்டுக்குச்
சாட்சி என்று பெயர்.
அது எதையும் பார்க்காதிருந்தால்
எல்லோருக்கும் நல்லது.

பதினைந்தாவதை மெதுவாகச் சுடுங்கள் என்றார்
ஹூஸ்டனிலிருந்து வந்திருந்த கார்லீன் ஹாலக்.
மெதுவாக என்றால்
எல் பாஸோவுக்கு இருபத்து மூன்று நொடி.
வெண்டல் சிரித்தான். நானும்தான்.

அறையின் காற்றை உறிஞ்ச நாற்பது நிமிடம்.
வெளியே ஆர்கன் மலைமேல்
ஆகஸ்டு மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.
பச்சை மிளகாய் புரிட்டோவில் பாதி தின்றேன்.
தரையில் ஓர் உதை.
அவ்வளவுதான் சத்தம்.

கதவு திறந்ததும் எரிந்த உலோக வாசனை, வழக்கம்போல.
முதல் தகட்டில் ஓட்டை, ஆணி அடித்த மாதிரி.
துணியில் கரி இல்லை.
நூல் அறுந்திருந்தது.
சுவரில் ஓட்டை.
சாட்சியிலும்.

டார்ச் அடித்துத் தேடி
கடைசி மூலையில் வெண்டல் அதைக் கண்டெடுத்தான்.
ஒரு பக்கம் நசுங்கியிருந்தது,
மற்றபடி முழுசு.
வேகமாக வந்தவை தம்மையே உடைத்துக்கொண்டன.
இதற்கு உடைகிற அளவு
ஆத்திரம் இல்லை.

இன்னும் ஓர் அடுக்கு, என்றேன்.
எடை, என்றார் கார்லீன்.
எண்ணூறு கிராமுக்கு ராக்கெட் கேட்கும் விலையை
மனக்கணக்காகவே சொன்னார்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
மாதிரிக் கூடத்தில் அந்தப் படுக்கைப் பையில்
ஒருநாள் யாருமில்லாதபோது நுழைந்து பார்த்திருக்கிறேன்;
காதுக்கும் சுவருக்கும் ஒரு சாண்.
அதை மட்டும் சொன்னேன்.
அவர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.
திங்கட்கிழமை சொல்கிறேன், என்றார்.

திரும்பும் வழியில் எழுபதாம் நெடுஞ்சாலையில் மழை.
முன்னால் ஜல்லி லாரி,
தார்ப்பாய் சரியாகக் கட்டவில்லை.
என் கண்ணாடியில் போன வருடக் கீறல் ஒன்று
வைப்பர் கடக்கும்போதெல்லாம் மினுங்கியது.
காலைத் தளர்த்தி
லாரிக்கும் எனக்கும் நடுவே
ஒன்றுமில்லையைக் கொஞ்சம் கூட்டினேன்.
பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.
மணிக்கட்டு அரிக்கத் தொடங்கியிருந்தது.